வாத்தியார் போன பிறகு

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன மனிதன் கால்பந்துச் சண்டையில் மாட்டிக்கொண்டான் என்று நான் கதை எழுதினால், "இதெல்லாம் நடக்கிற காரியமா, ஐயா?" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். ஆனால் நடந்தது. நடந்த இடம் மதுக்கரை. காலம் 2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம்.

என் மனைவியின் பெரியப்பா அந்த ஊரில் குடியிருந்தார். எனக்கு மாமா முறை. வயது எண்பதுக்கு மேல். வாலிபத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, குன்னூரை அடுத்த வெல்லிங்டன் முகாமில் குமாஸ்தாவாக இருந்தவர். பட்டாளத்தை விட்டு வந்ததும் மதுக்கரை சிமெண்டு ஆலையில் வேலை கிடைத்தது. அங்கேயே தலை நரைத்து ஓய்வும் பெற்றார். வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "மார்க்கெட்டுப் பக்கம் டீக்கடையில இருப்பாருங்க" என்றார்கள். பத்திரிகையையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் அதிக தூரமில்லை. வாளையாற்றைத் தாண்டினால் கேரளம். மலையாள நாட்டின் பந்து மோகம் கணவாய் வழியாகக் காற்றோடு கூட வந்து, இந்த ஊரில் கொஞ்சம் தங்கிவிட்டது போலிருக்கிறது. பெஞ்சியில் மாமா உட்கார்ந்து வரிக்கியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். எதிரே நாலு இளைஞர்கள். ஒருவன் வெள்ளைக் கை வைத்த சிவப்புப் பனியன் போட்டிருந்தான். அது ஆர்ஸனல் கட்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவனுக்கு எதிரே இருந்தவன் மாஞ்செஸ்டர் யுனைடெட் கட்சி. இங்கிலாந்து தேசத்தை இருவரும் டெலிவிஷனில் பார்த்ததோடு சரி. ஆனால் அவர்கள் போட்ட சத்தத்தில் லண்டன் மாநகரமே இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது.

"ஏனுங்கண்ணா," என்று சிவப்புப் பனியன் கடைக்காரரைக் கேட்டான். "இருபத்திரண்டு வருஷம் ஒரே ஆளு உக்காந்திருந்தா அது கிளப்புங்களா, ஆதீனமுங்களா? போகட்டும்னு நாங்க சொன்னதுல என்ன தப்புங்க?"

"போகட்டும் போகட்டும்னு கத்திப்போட்டு, போறேன்னு அந்தாளு சொன்னதும் எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டே?" என்றான் மாஞ்செஸ்டர்.

பந்தாட்டம் பார்க்காத வாசகர்களுக்காக இந்த வழக்கின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்ஸேன் வெங்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1996-ஆம் வருஷம் அக்டோபரில் ஆர்ஸனல் கழகத்துக்கு மானேஜராக வந்தார். நம்மூரில் மானேஜர் என்றால் கணக்குப் பிள்ளைக்கு மேலே ஒருவர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் பந்தாட்ட மானேஜர் என்றால் யார் ஆடுவது, எப்படி ஆடுவது, யாரை விலைக்கு வாங்குவது எல்லாம் அவர்தான். வெங்கர் மூன்று முறை லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2003-04 பருவத்தில் அவருடைய கோஷ்டி 38 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அத்தோடு லீக் பட்டம் நின்றுபோயிற்று. கழகம் 2006-ல் பெரிய புது மைதானம் கட்டிக் குடியேறியது. பட்டம் மட்டும் குடியேற மறுத்தது. ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். 2017 மார்ச் மாதத்தில் ஓர் ஆட்டத்தின்போது வெங்கர் போகவேண்டும் என்று எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. சற்று நேரத்தில் அவர் மேல் நம்பிக்கை உண்டு என்று எழுதிய துணியோடு இன்னொரு விமானம் பறந்தது. ஆகாயத்திலேயே கட்சி கட்டியவர்கள் அவர்கள்தான். கடைசியில் 2018 ஏப்ரல் 20-ஆம் தேதி, பருவ முடிவில் விலகுகிறேன் என்று வெங்கர் அறிவித்தார். மதுக்கரை டீக்கடையில் நான் கேட்டது, அந்தச் செய்தி வந்து ஒரு வாரம் ஆகியும் அடங்காத புகைச்சல்.

மாஞ்செஸ்டர் இளைஞன் பெருமையாகப் பேசினான். அவனுடைய அலெக்ஸ் பெர்குசன் 1986 முதல் 2013 வரை இருந்தார். பதின்மூன்று லீக் பட்டம். "எங்காளும்தான் இருபத்தாறு வருஷம் இருந்தாரு. நாங்க போகச் சொன்னமா?"

சொன்னார்கள்! பையனுக்கு அது பிறப்பதற்கு முந்திய சங்கதி. முதல் மூன்று வருஷத்தில் பெர்குசன் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. 1989 டிசம்பரில், மூன்று வருஷம் சாக்குச் சொன்னது போதும், மூட்டையைக் கட்டு என்கிற பொருளில் ஒரு ரசிகர் துணியில் எழுதி மைதானத்திலேயே விரித்துப் பிடித்தார். அடுத்த மாதம் கோப்பைப் போட்டியில் நாட்டிங்காம் கோஷ்டியோடு நடந்த ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் ஒரு கோல் போட்டார். அந்த வருஷம் கோப்பையும் வந்தது. வராமல் இருந்திருந்தால் இருபத்தாறு வருஷம் என்கிற கணக்கு மூன்றரை வருஷத்தோடு முடிந்திருக்கலாம். நான் இதை எடுத்துச் சொன்னதும் சிவப்புப் பனியன் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

மாமா அதுவரை வாயைத் திறக்கவில்லை. வரிக்கி முடிந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு, நம்ம நாட்டுல ஒரு வாத்தியார் இருந்தாரு. ஹைதராபாத்துல. சாகற வரைக்கும் அவர்தான். அவரு போனதும் எல்லாம் போச்சு. அவரு நல்ல வாத்தியாரா, இல்லையா? நீங்க படிச்ச புள்ளைங்க. சொல்லுங்க பார்க்கலாம்."

"எல்லாமே போச்சுன்னா என்னங்க தாத்தா அவரு கட்டினது?" என்றான் சிவப்புப் பனியன் உடனே. "ஒருத்தரு போனதும் சரிஞ்சு விழுந்தா, அது அவரோட தப்புத்தானுங்களே?"

"கிணறு வெட்டினவன் செத்தா தண்ணியும் செத்துப் போகுமா, கண்ணு? தூர் வாராம விட்டவன் யாரு?"

"தூர் வாரறதுக்கு ஒருத்தனையாவது பழக்கி வெச்சிருக்கோணுமில்லீங்க?"

மாமா சிரித்தார். பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. கோயமுத்தூருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. பத்திரிகை கொடுக்க மறந்துபோய் மறுநாள் மறுபடி மதுக்கரைக்குப் போக வேண்டியதாயிற்று என்பது வேறு விஷயம்.

மாமா சொன்ன வாத்தியாரின் பெயர் சையத் அப்துல் ரஹீம். நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கி, காச்சிகுடா நடுத்தரப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு தேகப் பயிற்சிக் கல்வியும் கற்றார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். இறக்கும் வரையில் அந்தப் பதவியில் இருந்தார். ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சியாளர். அதுவும் இறக்கும் வரையில். இடையிடையே இந்திய கோஷ்டியையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

அவருடைய காலம் எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிஜாமின் ராஜ்யம் 1948 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. 1956 நவம்பரில் ஹைதராபாத் ராஜ்யமே வரைபடத்திலிருந்து மறைந்து, தெலுங்குப் பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் சேர்ந்தது. போலீஸ் கோஷ்டியின் பெயரும் பின்னர் ஆந்திரப் பிரதேசப் போலீஸ் என்று மாறிற்று. கொடி மாறியது, மந்திரிகள் மாறினார்கள், எல்லைக் கற்கள் மாறின. மைதானத்து ஓரத்தில் நின்ற மனிதர் மட்டும் மாறவில்லை.

அந்தப் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டில்லியின் டுராண்ட் கோப்பையை 1950, 1954, 1957, 1961 ஆகிய வருஷங்களில் வென்றது. 1950-ல் அவர்களிடம் தோற்றது கல்கத்தாவின் மோகன் பகான். கல்கத்தா என்றால் இந்தியக் கால்பந்து, இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த நாளில், எங்கேயோ தக்காணத்திலிருந்து வந்த போலீஸ்காரர்கள் இப்படிச் செய்தது வங்காளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சந்தோஷ் கோப்பையையும் ஹைதராபாத் 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்து இரண்டு தடவை எடுத்துக்கொண்டது.

கோப்பைக் கணக்கைவிட அவர் சொல்லிக் கொடுத்த விதந்தான் எனக்கு ருசிக்கிறது. பந்தை வைத்துக்கொண்டு காலால் வித்தை காட்டுவதுதான் அந்தக் கால ஆட்டம். ரஹீம், வித்தையே காட்டக் கூடாது, பந்து வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி வைத்துத் தனிப் போட்டிகள் நடத்தினார். வலது கால்காரன் இடது காலால்தான் உதைக்கலாம் என்று வேறொரு போட்டி. உயரம் குறைந்த சிறுவர்களுக்கென்று இன்னொரு போட்டி. பள்ளிக்கூட வாத்தியாருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். இடது கையால் எழுது பார்க்கலாம் என்று சொல்கிற புத்தி அது. 2023 நவம்பரில், நம் டீக்கடை வழக்கில் பிரதிவாதியான அதே வெங்கர் புவனேசுவரத்துக்கு வந்து, சிறுவர்களுக்கான பந்தாட்டப் பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்து வைத்தார். சின்ன வயதில் பிடித்துப் பழக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எல்லாம் அப்போது தலையங்கம் எழுதின. ரஹீம் இறந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலில் ஆடினார்கள். பயிற்சியாளர் ரஹீம்தான். இன்றைய ரசிகர்களாக இருந்தால் மறுநாள் காலையில் விமானத்தில் துணி கட்டியிருப்பார்கள்! சம்மேளனம் அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. ரஹீம் வேறொரு காரியம் செய்தார். ஹெல்சிங்கியில் தங்கப் பதக்கம் வாங்கிய ஹங்கேரிக்காரர்களின் ஆட்டத்தைக் கவனித்து வைத்துக்கொண்டார். நடு முன்னணி ஆட்டக்காரன் எதிரியின் கோலண்டை நிற்காமல் பின்னால் இறங்கி வந்து ஆடுகிற முறை அவர்களுடையது. எதிரியின் காவலன் அவனைத் தொடர்ந்து வந்தால் பின்னால் வாசல் திறந்துவிடும். வராவிட்டால் அவன் கையில் சுதந்திரம். இந்த உபாயத்தை ரஹீம் தம் பிள்ளைகளுக்குப் பழக்கினார். நாலு வருஷம் கழித்து 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று இந்தியா ஜெயித்தது. நெவில் டிசூஸா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் இந்தியாவுடையது. கடைசியில் 4-1 என்று தோற்றோம். ஆனாலும் உலகத்தில் நாலாவது இடம். பத்து கோல் வாங்கிய மனிதரை அன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த நாலாவது இடம் உண்டா என்று பொறுமைக் கட்சிக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இதில் தமிழர் சம்பந்தமும் உண்டு. செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஏழைக் குடும்பம். பயிற்சிக்கு வந்து போகப் பணமில்லை என்று தயங்கிய பையனுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். பலராமே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். கோல் காவலர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்து வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு வந்தார். ஆரம்பத்தில் நடு முன்னணியில் ஆடியவர் பிறகு கோலுக்குள் போனார். 1955-லும் 1958-லும் அந்த நீலகிரிக் கோஷ்டி டுராண்ட் கோப்பையை வென்றது. மாமாவுக்கு ரஹீமின் பெயர் தெரிந்ததன் ரகசியம் இதுதான். "தங்கராஜ் உள்ளே நின்னா கோல் கம்பம் ரெண்டும் கிட்டக் கிட்ட வந்துருமுங்க, மாப்பிள்ளை" என்றார் என்னிடம். பட்டாளத்து இரவுகளில் ஹைதராபாத்து ஆசாமிகள் தங்கள் வாத்தியாரைப் பற்றிப் பேசியதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருக்கிறார், அந்த இளம் குமாஸ்தா.

ரஹீமின் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு. அவருக்கு அப்போதே புற்றுநோய். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா சேர்த்துக்கொள்ளாததைக் குறித்து ஜி. டி. சோந்தி என்ற இந்திய அதிகாரி ஆட்சேபணை சொல்லிவிட்டார். ஊர் முழுக்க இந்தியர் மேல் கோபம். இந்திய தூதராலயத்தில்கூடக் கும்பல் புகுந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் காயம், தையல். தங்கராஜுக்குக் காய்ச்சல். ரஹீம் செய்ததைப் பாருங்கள். மண்டையில் கட்டுப் போட்ட ஜர்னைல், பின் காவல்காரர். அவரை முன்னணிக்குக் கொண்டுபோனார். அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம், மறுபடியும் தென் கொரியா. படுக்கையிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். பெரும் திரளான ஜனங்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். ஆதரித்துக் கை தட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள்! பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று ஜெயித்துத் தங்கப் பதக்கம். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

பிறகு என்ன நடந்தது? 1965-66-ல் சந்தோஷ் கோப்பை ஒரு தடவை ஆந்திரப் பிரதேசத்துக்கு வந்தது. ரஹீம் விதைத்ததன் கடைசி அறுவடை என்று அதைச் சொல்லலாம். பிறகு வெகு காலம் ஹைதராபாத்தின் பெயர் கேட்கப்படவில்லை. 1970-ல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் போட்டியில் இந்தியக் கால்பந்துக்குப் பதக்கம் இல்லை. ஒலிம்பிக்கில் 1960 ரோமாபுரியே கடைசி.

ஆக, சிவப்புப் பனியன் இளைஞன் கேட்டது சரியா? இருபது வருஷம் ஒரே மனிதர் செயலாளராகவும் பயிற்சியாளராகவும் தேர்வு செய்கிறவராகவும் இருந்தால், ஊருக்குச் சோம்பல் வந்துவிடும் என்பது உண்மைதான். "ரஹீம் சாகிப் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்." கூட்டுக் குடும்பத்தில் ஒரே அத்தை சமையலறையைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தால், அத்தை படுக்கையில் விழுந்த அன்று புளி எந்த ஜாடியில் இருக்கிறதென்று மருமகள்களுக்குத் தெரியாமல் போகும். இந்தக் குறையை ரஹீமின் பக்தர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வாரிசு வைத்தால் மட்டும் போதுமா? பெர்குசன் வைத்தார். தமக்குப் பிறகு இன்னார்தான் என்று டேவிட் மோயஸ் என்பவரைத் தாமே பொறுக்கி எடுத்தார். ஆறு வருஷ ஒப்பந்தம் எழுதினார்கள். பத்தே மாதத்தில், 2014 ஏப்ரலில், அந்த மனிதரை வெளியேற்றிவிட்டார்கள். பட்டாபிஷேகம் செய்து வைத்தாலும் ராஜ்யம் நிற்க வேண்டுமே!

நின்ற இடம் ஒன்று உண்டு. லிவர்பூல் கழகத்துக்கு 1959-ல் பில் ஷாங்க்லி வந்தபோது அது இரண்டாம் தரத்தில் கிடந்தது. பதினைந்து வருஷத்தில் அதைச் சிகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு 1974-ல் திடீரென்று விலகினார். ஊரே அழுதது. அடுத்து வந்தவர் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி. ஒன்பது பருவத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை! குருவை மிஞ்சிய சிஷ்யர். மைதானத்தில் பூட்ஸ் வைக்கும் ஓர் அறை உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஷாங்க்லியின் உதவியாளர்கள் அங்கே உட்கார்ந்து, எவன் கால் எப்படி இருக்கிறது, எதிராளி எங்கே பலவீனம் என்று ஓயாமல் பேசுவார்களாம். தலைவர் போன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஷாங்க்லிக்கு மட்டும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பழக்க தோஷத்தால் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் வாய் தவறி அவரையே "எஜமான்" என்று கூப்பிட்டார்கள். கடைசியில் வராமல் இருந்தால் நல்லது என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டியதாயிற்று. இதை வைத்து நான் ஒரு நாவலே எழுதலாம்.

ஹைதராபாத்தில் அப்படி ஓர் அறை இல்லையா? இங்கேதான் என் யோசனை வேறு பக்கம் திரும்பிற்று. ரஹீமின் சிஷ்யர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். பி. கே. பானர்ஜி: அவர் ஹைதராபாத்துக்காரர் அல்ல, ஆனால் மெல்போர்ன், ரோமாபுரி, ஜகார்த்தா மூன்றிலும் ரஹீமிடம் கற்றவர். ஆட்டக்காரராக இருந்த வரையில் கிழக்கு ரயில்வே உத்தியோகஸ்தர். பின்னால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் பயிற்சியாளராகி மகத்தான வெற்றிகள் பெற்றார். நயீமுதீன்: ஹைதராபாத்து இளைஞர். கல்கத்தாவுக்குப் போனார். 1970 வெண்கலக் கோஷ்டியின் தலைவர். பின்னர் அங்கேயே பயிற்சியாளராகி 1990-ல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். ஹபீப்: ஹைதராபாத்திலிருந்து 1966-ல் கல்கத்தா போனார். 1977-ல் பெலே வந்த காஸ்மாஸ் கோஷ்டியோடு மோகன் பகான் 2-2 என்று சமமாக ஆடியபோது அதில் ஆடியவர். பலராமும் கல்கத்தாதான். ரஹீமின் சொந்தப் புதல்வர் ஹக்கீம் விமானப் படை அதிகாரியானார். சர்வதேச நடுவராகவும் விளங்கினார்.

சிஷ்யர்கள் இருந்தார்கள், ஐயா! ஊரில்தான் இல்லை. கல்கத்தாவில் கழகங்கள் பணம் கொடுத்தன, ரயில்வே உத்தியோகம் கொடுத்தது, ஜனங்கள் கொண்டாடினார்கள். ஹைதராபாத்தில் பந்தாட்டக்காரனுக்குக் கிடைக்கக்கூடியது போலீஸ் கான்ஸ்டேபிள் வேலை. வாத்தியார் உயிரோடு இருந்த வரையில் அவர் முகத்துக்காகத் தங்கியவர்கள் உண்டு. முகம் மறைந்ததும் பிழைப்பைத் தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதுக்கரையில் படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் போவதில்லையா?

1997 ஜூலை 13-ஆம் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் கூடினார்கள். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அப்படிக் கூட்டம் கூடியதில்லை என்பார்கள். மோகன் பகானுக்கு அமல் தத்தா பயிற்சியாளர். அவருடைய புதிய வைர வியூகத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எதிரே ஈஸ்ட் பெங்காலுக்கு பி. கே. பானர்ஜி. பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, 4-1 என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. ஜெயித்த பக்கம் ஓரத்தில் நின்றவர், ஜகார்த்தாவில் ரஹீமுக்காகக் கோல் போட்ட அதே மனிதர். முப்பத்து நாலு வருஷம் முன்னால் இறந்துபோன வாத்தியாரின் பாடம் அன்று அங்கே நடந்தது. ஹைதராபாத்தில் நடக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் வற்றவில்லை. வாய்க்கால் வழியாக அடுத்த தோட்டத்துக்குப் பாய்ந்துவிட்டது. மாமாவின் உவமையை இப்படித் திருத்தலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தண்ணீர் போன தோட்டத்துக்காரன் கொண்டாடுவான். தோட்டம் காய்ந்தவனுக்கு அது ஆறுதலாகுமா? ஹைதராபாத்து ரசிகன் ஒருவன் இன்றைக்கும் அந்த வாத்தியாரிடம், "எங்களுக்கு என்ன விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்க உரிமை உள்ளவன்தான்.

நம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை சிட்டி என்ற கழகம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் மைதானமாக வைத்துக்கொண்டது. 2018-ல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டத்தை வாங்கிவிட்டார்கள். மதுக்கரை இளைஞர்கள் அந்த ஆட்டத்துக்குப் போய், தொண்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஆனால் வந்த வேகத்தில் போயிற்று. அடுத்த சில வருஷத்துக்குள் பயிற்சியாளரும் போனார், அந்தக் கழகமே ஐ-லீகில் இல்லாமல் போயிற்று. இருபது வருஷம் இருந்தால் ஆதீனம் என்றான் பையன். இரண்டு வருஷம் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

2019 டிசம்பரில் மறுபடியும் மதுக்கரைக்குப் போனேன். அதே டீக்கடை, அதே பெஞ்சி. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. சிவப்புப் பனியன் இளைஞன் இப்போது உத்தியோகத்தில் சேர்ந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தான். வெங்கருக்குப் பிறகு வந்த உனாய் எமரி என்ற ஸ்பெயின் தேசத்தவரைச் சில நாள் முன்புதான், நவம்பர் 29-ஆம் தேதி, ஆர்ஸனல் அனுப்பிவிட்டிருந்தது. ஒன்றரை வருஷம். மாஞ்செஸ்டர் இளைஞனும் அந்த விஷயத்தை எடுக்கவில்லை. அவன் கட்சியில் பெர்குசனுக்குப் பின் வந்தவர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் சரியாகப் போய்க்கொண்டிருந்தன.

"அந்தப் பழைய வாத்தியாரு இப்ப எங்க இருக்காரு, கண்ணு?" என்று மாமா உரக்கக் கேட்டார்.

"வெங்கருங்களா? போன மாசந்தான் ஃபிஃபாவுல வேலைக்குச் சேர்ந்திருக்காருங்க தாத்தா. உலகம் பூராவும் பந்தாட்டத்தை வளர்க்கறதுக்கு அவருதானுங்க."

"வயசென்ன?"

"எழுவதுங்க."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுவது வயசுல வேலை குடுக்கறாங்களாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு வரிக்கி வாங்கிக்கொண்டார்.